கோவை மிக்கேல் ஆலயமும் அதனைத் தொடங்கிய ஆண்டகையும்

இவ்வாண்டு எம் கல்லூரிச் சரித்திரக் கழகத்தார் எவ்வூருக்கு யாத்திரை செல்வது என்று ஆலோசிக்கக் கூடியபோது, மைசூர் என்றனர் சிலர். தஞ்சை என்றனர் வேறு சிலர். கழகப் பெட்டியிலிருந்த தொகையோ இரண்டில் ஒன்றற்கும் போதுவதாயில்லை. அந்நேரம் பின்வரிசையில் இருந்த நண்பரொருவர் எழுந்து, கோயமுத்தூர்ப் பெரிய கடைவீதி வழியே நாடோறும் போய் வருகின்ற நம்முள், அங்குள்ள மிக்கேல் சம்மனசானவர் ஆலயத்தினுள் நுழைந்து பார்த்தவர் எத்துணையர் என்று வினவினார். கை உயர்த்தினோர் மூவரே. அம்மூவருள்ளும் ஒருவர் மழைக்கு ஒதுங்கியவர். அதன்மேல் விவாதத்துக்கு இடமில்லாது போயிற்று.

ஆலயத்தைச் சுற்றிக் காண்பது, முகப்பிலுள்ள இரட்டைக் கோபுரங்களைக் கண்டு குறிப்பெடுப்பது, உத்தரவு கிடைக்குமாயின் மேலேறி மேற்கு மலைகளையும் நொய்யல் பாயும் நாட்டையும் நோக்குவது என ஏற்பாடாயிற்று. ஒரு கோபுரத்தைக் காணச் செல்வோர் அதனைத் தொடங்கியவர் யாவர் என்று அறியாது செல்லுதல் வீட்டுக்காரரை விசாரியாமல் விருந்துண்பது போலாம் என்று எம் தமிழாசிரியர் கூறவே, அவர் வரலாற்றைத் தேடித் தொகுக்கும் பணி எம் தலைமேல் விழுந்தது. தொடக்கத்தில் எமக்குத் தெரிந்தது பெயர் மாத்திரமே. அதையும் எவ்வாறு உச்சரிப்பது என்று அறியோம். தேடத் தேட, கோபுரத்தைக் காட்டிலும் அம்மனிதரே எம் நெஞ்சில் உயர்ந்து நின்றார் என்பதையும், அவரோடு யாம் பிணங்கவும் நேர்ந்தது என்பதையும் முன்னரே சொல்லிவிடுகிறோம்.

மெல்கியோர் மரியோன் பிரெசியாக் என்பார் 1813-ஆம் ஆண்டு டிசம்பர் 2-ந் தேதி பிரான்சு தேசத்தின் தென்பகுதியில் கஸ்தெல்நோதாரி என்னும் ஊரிற் பிறந்தார். பழங்குடிப் பிரபு வமிசம். ஆயினும் பிரெஞ்சுப் புரட்சியிற் செல்வம் போய்ப் பெயர் மாத்திரம் எஞ்சிய குடும்பம். துலூஸ் நகரையும் மத்தியதரைக் கடலையும் இணைக்கும் பெரிய கால்வாய் அவ்வூர் வழியே செல்கிறது. அவருடைய தந்தையார் அக்கால்வாய்ப் பணியில் இருந்தவர்; மகனுக்கு வீட்டிலேயே கல்வி புகட்டியவரும் அவரே. மலைகளுக்கு நடுவே அமைந்த இடைவெளியிற் காற்று ஓயாது வீசும் ஊராதலின், அங்குக் காற்றாலைகள் பல சுழன்றுகொண்டிருந்தன. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆனியிலும் ஆடியிலும் எம்மூர்க் கூரைகளைத் தட்டிப் பார்ப்பதை நினைந்து, இவ்வொற்றுமையை யாம் ரசித்தோம். பல்லடம், உடுமலைப்பேட்டைப் பக்கம் இன்று நிற்கும் காற்றாலைகளை அவர் கண்டால் தம் ஊர் நினைவு கொண்டிருப்பார் போலும்.

பத்தொன்பதாம் வயதிற் குருமடம் புகுந்து, 1838-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ந் தேதி குருப்பட்டம் பெற்றார். முதலில் அவர் உதவிக் குருவாக அமர்ந்தது தம் சொந்த ஊர் ஆலயத்திலேயே. அவ்வாலயமும் மிக்கேல் சம்மனசானவர் பெயரால் வழங்குவது. உயர்ந்த மணிக்கோபுரம் உடையது. கோவை ஆலயத்திற்கு அப்பெயர் அமைந்தது இதனாற்றான் என்று யாம் அறுதியிடத் துணியோம். எனினும், இளமையில் அக்கோபுரத்தின் மணியோசை கேட்டு வளர்ந்தவர் பிற்காலத்தில் கொங்கு நாட்டில் மிக்கேல் ஆலயம் ஒன்றைத் தொடங்கினார் என்பது நினைக்க இனிது.

ஊர்க்கோயிற் பணி அவருக்கு அமைதி தரவில்லை. தூர தேசங்களுக்குக் குருக்களை அனுப்பும் பாரிஸ் அந்நிய வேதபோதக சபையிற் சேர விரும்பினார். தந்தையார் இசையவில்லை. வீட்டில் அரிச்சுவடி தொட்டுக் கற்பித்த தந்தையின் மனத்தை மாற்ற இயலாது, அவர் சம்மதமின்றியே 1841-இற் புறப்பட்டுப் பாரிசுக்குச் சென்றார். இதனைப் படித்தபோது எம் கூட்டத்தில் நெடுநேரம் மௌனம் நிலவிற்று. தந்தை சொற் கேளாது ஒரு படிப்பையோ ஒரு தொழிலையோ மேற்கொண்டவர் எம்முள்ளும் உளர்.

1842-ஆம் ஆண்டு ஏப்ரலிற் கப்பலேறினார். சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டது 1869-இலேயே. ஆதலின் ஆப்பிரிக்காவைச் சுற்றி வந்து, ஜூலை 24-ந் தேதி புதுச்சேரியில் இறங்கினார். அங்கிருந்து தமிழ் கற்கவும் பணி பழகவும் சேலத்துக்கு அனுப்பப்பட்டார். எனவே அவர் முதன்முதல் தமிழ் பேசிப் பழகிய மண் கொங்கு மண்ணே என்று சொல்லுதல் தகும். இருப்புப்பாதை போத்தனூரை எட்டியது 1862-இல். அவர் காலத்திற் பயணமெல்லாம் மாட்டு வண்டியும் குதிரையும் கால்நடையுமே.

1844-ஆம் ஆண்டின் தொடக்கத்திற் புதுச்சேரியிற் குருக்களின் ஆலோசனைச் சங்கம் ஒன்று கூடிற்று. அதில் முதன்மையாக எழுந்தது சுதேச குருக்களைப் பற்றிய விஷயம். ஐரோப்பியர் வந்து வந்து மடிந்துகொண்டிருக்க, இந்நாட்டாரே குருக்களாகி, குருக்களுள் மேற்றிராணியாருமாகித் தம் சபையைத் தாமே நடத்தும் காலம் வர வேண்டும் என்பது பிரெசியாக் அடிகள் கொண்ட உறுதி. வாயாற் சொல்லும்போது யாவரும் தலையசைத்தனர். செயலாக்கும் வேளையில், இன்னும் காலம் வரவில்லை என்றோரே மிகுதி. அச்சங்கத்தின்பின் புதுச்சேரிக் குருமடத்துக்கு அவர் தலைவரானார். அச்சங்கத் தீர்மானங்களை லுக்கே என்னும் குரு ரோமாபுரிக்கு எடுத்துச் சென்றார். அங்கே 1845-ஆம் ஆண்டு நவம்பர் 23-ந் தேதி, சுதேச குருக்களையும் மேற்றிராணிமாரையும் உருவாக்குமாறு வேதபோதக நாடுகள் அனைத்துக்கும் கட்டளை பிறந்தது. கட்டளை பிறப்பது ஒன்று. அது கடல் தாண்டி வந்து ஒருவர் நாற்காலியை மற்றொருவருக்குத் தருவது வேறொன்று.

இந்நிலையில் கோயமுத்தூர் நாட்டைப் புதுச்சேரியினின்றும் பிரித்துத் தனியே நடத்தத் தீர்மானமாயிற்று. கோயமுத்தூர், நீலகிரி, பாலக்காட்டுப் பகுதிகள் அதில் அடங்கின. பொறுப்பு முப்பத்திரண்டு வயதினரான பிரெசியாக் அடிகளிடம் வந்தது. 1846-ஆம் ஆண்டு அக்டோபர் 4-ந் தேதி, ஞாயிற்றுக்கிழமை, கருமத்தம்பட்டிச் செபமாலை மாதா கோவிலில் அவருக்கு மேற்றிராணியார் அபிஷேகம் நடைபெற்றது. செய்வித்தவர் புதுச்சேரி பொன்னான் ஆண்டகை. அக்டோபர் முதல் ஞாயிறு செபமாலைத் திருநாள் ஆதலின், சுற்றுவட்டத்தினின்று வந்த கூட்டத்துக்குக் குறைவிருந்திராது. கோவை அந்நாளில் முழு மேற்றிராசனம் அன்று. அதனாற் பழைய வழக்கப்படி அவருக்குக் கிடைத்த பட்டம் சின்ன ஆசியாவிலுள்ள ப்ரூசா என்னும் நகரின் மேற்றிராணியார் என்பது. பெயர் ப்ரூசா, வேலை கருமத்தம்பட்டி! கோவை நாடு அப்போஸ்தலிக்க விகாரியத்து ஆனது 1850-இல்; முழு மேற்றிராசனமாக உயர்ந்தது 1886-இல்.

அங்கே அவர் முதலிற் செய்த காரியங்களுள் ஒன்று குருமடம் தொடங்கியது. தொகை சிறிது, ஆசிரியர் சிலர், மாணாக்கர் அதனினும் சிலர். பெரிய ஆலயம் எழுப்புவதற்கு முன்பே சிறிய பாடசாலையை நாடியமையில் அவருடைய உள்ளக்கிடக்கை விளங்குகிறது. கட்டிடங்களை வெளிநாட்டார் கட்டலாம். அவற்றினுள் நின்று பேச உள்நாட்டார் வேண்டும் என்பது அவர் கணக்கு.

பின்னரே கோயமுத்தூர் நகரில் மேற்றிராசன ஆலயம் ஒன்று வேண்டும் என்று எண்ணினார். கருமத்தம்பட்டி பழம்பெருமை உடையதாயினும் சிற்றூர்; அரசாங்க அலுவலகங்களும் சந்தையும் சாலைகளும் கோயமுத்தூரிலே கூடியிருந்தன. அவர் காலத்தில் தொடங்கப்பெற்ற வேலை, பொருள் முட்டுப்பாட்டாலும் தலைமை மாறியமையாலும் இழுபட்டு, டெப்பொம்மியே ஆண்டகை காலத்தில் 1867-இல் நிறைவெய்தியது. தொடங்கியவர் அதற்கு எட்டாண்டு முன்னரே மறைந்துவிட்டார். பெரிய கடைவீதியில் நாம் அண்ணாந்து பார்க்கும் அக்கோபுரங்களை அவர் கண்ணாற் கண்டதில்லை.

அவர் ஏன் பாதியில் விட்டுச் சென்றார் என்பதே இவ்வரலாற்றின் நடுநாயகமான பகுதி. அதற்குக் காரணம் சாதி.

அக்காலத் தமிழ்நாட்டுக் கத்தோலிக்கக் கோயில்கள் பலவற்றில் தாழ்த்தப்பட்டோர் தனியிடத்தில் இருத்தப்பட்டனர்; வாயில் வேறு, கல்லறைத் தோட்டம் வேறு என்பதும் உண்டு. இத்தகைய வழக்கங்கள் எதுவரை பொறுக்கப்படலாம் என்பது நூற்றாண்டுப் பழமையுடைய வழக்கு. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ரோமாபுரி தூதர் ஒருவர் வந்து விசாரித்துத் தடை விதித்தார். 1744-இற் பதினான்காம் ஆசீர்வாதப்பர் என்னும் பாப்பரசர் விரிவான சாசனம் ஒன்றைப் பிறப்பித்து, அதன்படி நடப்பதாக இந்நாட்டுக்கு வரும் குருக்கள் பிரமாணம் செய்ய வேண்டும் என்று விதித்தார். குருக்கள் யாவரும் பிரமாணம் செய்தனர். செய்தபின் ஊருக்கு ஊர் வெவ்வேறு விதமாக நடந்தனர். ஒருவர் கண்டிப்பார்; அடுத்த ஊரில் ஒருவர் கண்ணை மூடிக்கொள்வார்; மூன்றாமவர் அதனை உலகியல் வழக்கமே அன்றி மத வழக்கம் அன்று என்று பொருள் கூறுவார்.

பிரெசியாக் ஆண்டகைக்கு இது பொறுக்கவில்லை. தாம் கைவைத்துச் செய்த பிரமாணம் ஒரு பக்கம். தம் ஆட்சிக்குட்பட்ட கோயில்களில் நடப்பது மற்றொரு பக்கம். சாதி முற்றிலும் மதம் கடந்த உலகியல் ஏற்பாடு எனக் கொள்ளலாமா, அன்றி மூடபக்தியின் கிளையா என்பதில் அவர் உள்ளமே இரு கூறுபட்டு நின்றது. தெளிவான தீர்ப்பு வேண்டி ரோமாபுரிக்கு எழுதினார். கிடைத்த விடைகள் அவர் ஐயத்தைத் தீர்க்கவில்லை. உடன்பணியாற்றிய பிரெஞ்சுக் குருக்கள் பலர் சுதேச குருக்கள் விஷயத்தில் அவரோடு ஒத்துப்போகாமையும் சேர்ந்துகொண்டது. கடைசியில் நேரிலேயே முறையிடத் துணிந்து, 1854-இல் ரோமாபுரி சேர்ந்தார். தீர்வு பிறவாமையால், தெளியாத மனச்சாட்சியோடு பிறரை ஆளுதல் ஆகாது என்று பதவி துறக்க அனுமதி வேண்டினார். 1855-இல் அது ஏற்றுக்கொள்ளப்பட்டது. இந்நாட்டில் அவர் கழித்தது ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டு. அக்காலத்து நினைவுகளைப் பெரிய நூலாகவும் எழுதிவைத்தார்.

எம் கழகத்தில் வாதம் மூண்டது இவ்விடத்திலேதான். ஒருசாரார், பதவியைத் தூசெனத் துறந்த மனத்தூய்மை எவருக்கு வரும் என்றனர். மற்றொரு சாராரின் கருத்து வேறு. எம்முள் ஒருவருடைய பாட்டியார், தம் சிறு பிராயத்தில் ஊர்க்கோயிலில் தம்மவர் வேறாக நின்றே வழிபட்டதைச் சொல்லக் கேட்டிருக்கிறார். அவ்வூர் எது என்று அவர் கூறவில்லை, யாமும் கேட்கவில்லை. அம்மாணவர் எழுப்பிய வினா எளியது. ஐயம் ஆண்டகைக்கு இருந்திருக்கலாம். வாயிலுக்கு வெளியே நின்றவர்களுக்கு ஐயம் ஏது? ரோமாபுரியின் விடைக்குக் காத்திராமல், தம் சொந்த ஆலயத்தில் மட்டுமாவது அனைவரையும் ஒரே தரையில் அமர்த்தியிருக்கலாகாதா?

யாம் பல நாள் யோசித்தோம். அவர் அவ்வாறு செய்திருந்தால் ஊர்ப்பெரியோர் கூட்டத்தோடு வெளியேறியிருப்பர் என்பதும், குருக்களே இரண்டுபட்டிருப்பர் என்பதும் மெய்யே. ஆயினும் எம் நண்பரின் வினாவுக்கு இது முழு விடை ஆகாது. பிரெசியாக் ஆண்டகை தம் மனச்சாட்சியின் அமைதியைப் பெரிதாக நாடினார். அதே அளவுக்குத் தம் மந்தையுள் தாழ்ந்து கிடந்தோரின் அமைதியை நாடினார் என்று காட்டும் சான்று எம் கைக்கு அகப்படவில்லை. அவரைப் போற்றும் போதே இக்குறையையும் எழுதிவைப்பது நேர்மை என்று எமக்குத் தோன்றிற்று. மறுபுறம், அவரைப் போல் ஐயுறாமல், பிரமாணமும் செய்து பழைய வழக்கத்தையும் காத்து நிம்மதியாக உறங்கினோர் எத்துணை பேர்! அவர்களோடு ஒப்பிட, உறக்கம் கெட்ட இம்மனிதர் எமக்கு நெருங்கியவராகவே தோன்றுகிறார். அப்பிரமாண விதி நீக்கப்பட்டது 1940-இல்.

நாற்பத்தோராம் வயதிற் பதவியின்றி நின்ற அவர் ஓய்வு கொள்ளவில்லை. எவரும் செல்லாத இடத்துக்குச் செல்ல வேண்டும் என்று மேற்கு ஆப்பிரிக்காவிலுள்ள தகோமே நாட்டைக் கேட்டார். தனியாளாக அன்று, ஒரு சபையாகத் திரண்டு வருக என்றது ரோமாபுரி. பிரான்சு தேசம் முழுவதும் அலைந்து பிரசங்கித்துப் பொருளும் ஆளும் சேர்த்தார். 1856-ஆம் ஆண்டு டிசம்பர் 8-ந் தேதி, லியோன் நகரத்துப் பூர்வியேர் குன்றின் மேலுள்ள மாதா கோயிலில், தோழர் சிலரோடு முழந்தாளிட்டு ஆப்பிரிக்க வேதபோதக சபையைத் தொடங்கினார். அங்குள்ள பழைய சிற்றாலயத்தின் கோபுரத்தில் மாதாவின் சுரூபம் நிறுவப்பட்டு அன்றைக்குச் சரியாக நான்காண்டு ஆகியிருந்தது. இன்று பயணிகள் திரண்டு காணும் பெரிய ஆலயம் அதன் அருகே எழுந்தது பிற்பாடு. அதனையும் அவர் கண்டாரில்லை.

கேட்டது தகோமே, கொடுத்தது சியரா லியோன். 1858-இல் அந்நாட்டுக்கு அவர் நியமிக்கப்பட்டார். முன்னதாகச் சிலரை அனுப்பிவிட்டு, தாம் 1859-ஆம் ஆண்டு மார்ச்சிற் கப்பலேறினார். மே 14-ந் தேதி பிரீடவுன் துறைமுகத்தை அடைந்தபோது ஊர் முழுவதும் மஞ்சட் காய்ச்சல். இறங்க வேண்டாம் என்று கப்பல் தலைவர் தடுத்தார். முன்வந்த தோழர்கள் கரையில் இருக்க, அவர் கப்பலில் இருக்க ஒருப்படவில்லை. இறங்கினார். ஜூன் 25-ந் தேதி மரித்தார். வயது நாற்பத்தைந்து. உடனிருந்த குருக்கள் மூவரில் இருவர் அவருக்கு முன்னும், ஒருவர் அவருக்குப் பின் மூன்றாம் நாளும் அதே ஜூன் மாதத்தில் மாண்டனர். ஆப்பிரிக்காவில் அவர் வாழ்ந்தது ஆறு வாரம்.

செய்தி லியோனை எட்டியபோது சபை அத்தோடு முடிந்ததென்றே பலரும் எண்ணினர். பிளாங்க் என்னும் குரு ஒருவர் விடாப்பிடியாக அதனை ஏற்று நடத்தினார். 1861-இல் தகோமேக்கு ஆள் போயிற்று. 1907-இல் தாம் இறக்கும்வரை அவரே தலைவராயிருந்தார். இன்று அச்சபையில் இந்தியக் குருக்களும் சேர்ந்து ஆப்பிரிக்க நாடுகளிற் பணிபுரிகின்றனர். இந்நாட்டார் குருக்களாகத் தகார் என்று வாதித்த பழைய குருக்கள் இதைக் கண்டால் என் சொல்வரோ அறியோம்.

சுதேச மேற்றிராணியார் விஷயமும் மெல்ல மெல்லவே கனிந்தது. தமிழ்நாட்டில் 1923-இற் தூத்துக்குடிக்கு திபூர்சியுஸ் ரோச் ஆண்டகை நியமிக்கப்பட்டார். கோவைக்கு 1940-இல் உபகாரசாமி ஆண்டகை வந்தார். பிரெசியாக் ஆண்டகை மறைந்து அப்போது எண்பத்தோராண்டு சென்றிருந்தது. 2020-ஆம் ஆண்டு மே 26-ந் தேதி, அவருடைய புண்ணிய வாழ்வை ஆராய்ந்து வணக்கத்துக்குரியவர் என அறிவிக்கும் ஆணைக்குப் பிரான்சிஸ் பாப்பரசர் ஒப்புதல் அளித்தார்.

இனி யாத்திரை விஷயம். வரலாற்றைப் படித்தபின் எம் ஏற்பாட்டை மாற்றிக்கொண்டோம். கோபுரத்தை முதலிற் காணாமல், கோயமுத்தூருக்குக் கிழக்கே சேலம் நெடுஞ்சாலையிலுள்ள கருமத்தம்பட்டிக்கு அதிகாலையிற் சென்று, அவர் அபிஷேகம் பெற்ற இடத்தை முதலிற் காண்பது. 2019-இற் பசலிக்கா என்னும் சிறப்புப் பெற்ற தலம் அது. பஸ் கட்டணம் கூடுமே என்று கழகப் பொருளாளர் முணுமுணுத்தார். அவர் முணுமுணுக்காத செலவு இதுவரை இருந்ததில்லை. அங்கிருந்து நண்பகலிற் கோவை திரும்பி, 1892-இற் கட்டப்பட்ட நகரமண்டபத்தின் அருகே இறங்கிக் கடைவீதி வழியே நடந்து ஆலயம் சேர்வது. ஞாயிறு வழிபாட்டுக்குரிய நாள் ஆதலின் சனிக்கிழமையே தகும். கோபுரத்தில் ஏற உத்தரவு வேண்டிப் பங்குக்குருவானவருக்கு முன்கூட்டியே விண்ணப்பம் எழுதப்பட்டுள்ளது. உத்தரவு வாராதாயின் முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்ப்போம்.

பாட்டியாரின் கதை சொன்ன நண்பர் முதலில் வர மறுத்தார். பின்னர், ஆலயத்தினுள் நாம் எல்லோரும் ஒரே வரிசையில் அமர்வதானால் வருவேன் என்றார். வரிசையின் முதலிடம் அவருக்கென்று குறித்திருக்கிறோம். மற்ற இடங்களுக்குப் பெயர் தருவோர் இம்மாத முடிவுக்குள் செயலரிடம் தருக.